கடைவாய்ப்பல்

ஊழியத்துக்கு வெளிநாடு போகிறவர்கள் அந்த ஊர்ப் பாஷையைப் படிப்பார்கள். எப்சிபா அதோடு பல் பிடுங்கவும் படித்தாள்.

காரணம் சபைக்கே தெரியும். மிஷனரியாகப் போன அவள் கணவனை அவளும் போகவிருக்கும் மலைநாட்டில் வெட்டிக் கொன்றவன், இப்போது கடைவாய்ப்பல் அழுகித் துடிக்கிறான். அங்கே பிடுங்கிவிட ஆளில்லை.

"புருஷனக் கொன்னவனுக்கே வைத்தியம் பாக்கப் போறா. இதுல்லா விசுவாசம்" என்று கோயிலில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

டாக்டர் பொன்னையாவின் கிளினிக்கில் குறடு அவள் கைக்குச் சீக்கிரமே பழகிவிட்டது. ஒரு நாள் கேட்டாள்.

"மரத்துப்போற ஊசி போடாமப் பிடுங்கினா செத்துருவானா டாக்டர்?"

"சாகமாட்டான். செத்தாத் தேவலன்னு இருக்கும்."

அவள் சிரித்து அவர் பார்த்தது அன்றுதான்.

வழியனுப்பு ஆராதனையில் போதகர் ஐயர் அவள் தலைமேல் கைவைத்தார். "இந்த மகளின் கையை அந்த மனுஷனிடம் கொண்டுபோய்ச் சேரும், ஆண்டவரே." சபை வாய் திறக்கும் முன்பே எப்சிபா ஆமென் சொல்லிவிட்டாள்.

வாசலில் டாக்டர் மூச்சிரைக்க வந்து ஒரு டப்பாவை நீட்டினார். "மரத்துப்போற மருந்தும்மா. கிளினிக்லயே மறந்து வச்சிட்டு வந்துட்டிய."

"மறக்கல டாக்டர்."

அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. அவளையே பார்த்தார். "நானும் ஆமென் சொல்லிட்டேனேம்மா" என்றார் மெதுவாக.

வேன் ஹாரன் அடித்தது. எப்சிபா பையின் ஜிப்பைத் திறக்கவும் இல்லை, நடக்கவும் இல்லை.