ஊமத்தை மேல் விழுந்த பழி

வெள்ளாட்டுக்கு ரெண்டு குட்டி. அதில் ஒன்று வரப்போரம் செத்துக் கிடந்தது. தாய் ஆடு நேராக ஊமத்தையிடம் போய்க் கத்தியது. "பாவி, என் பிள்ளையைக் கொன்னுட்டியே!"

ஊமத்தைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் விஷம்தான், இல்லேங்கலை. ஆனா என்னைத் தின்னா வாய் வறண்டு, கண்ணுமணி விரிஞ்சு, பித்துப் பிடிச்ச மாதிரி அலையணும். உன் குட்டி மூச்சுத் திணறி, நுரை தள்ளி, நின்ன இடத்துலேயே சுருண்டு விழுந்துச்சு. அது வாயில இருக்கறது யாரோட தழைன்னு பாரு!"

ஆடு பார்க்கவில்லை. பக்கத்தில் மழையில்லாமல் வாடி நின்ற இளஞ்சோளம் மெல்லச் சொன்னது. "மனசைத் தேத்திக்கம்மா. இதோட முள்ளுக்காயைப் பார்த்தாலே தெரியலையா?"

"அடப்பாவி! வாடினா உனக்குள்ள விஷம் ஏறும்னு உனக்குத் தெரியாது?" என்று ஊமத்தை கத்தி முடிப்பதற்குள் ஆடு அதை முட்டி வேரோடு சாய்த்தது.

வேர் வெயிலில் காய, ஊமத்தை பார்த்துக்கொண்டே கிடந்தது. ஆடு மிச்சமிருந்த குட்டியை நக்கிக் கொடுத்து, சோளத்துக்குள் தள்ளிவிட்டது.

"பயப்படாம மேய்டா கண்ணு. இது நல்ல குடும்பத்துப் பயிர்."