முப்பத்தோராம் மாடிக் கண்ணாடி

லாஸ் வேகாஸின் காலை வெயில் சூதாட்ட விடுதியின் முப்பத்தோராம் மாடி அறைக்குள் தேன் நிறத்தில் இறங்குகிறது. முன்பு பெரிய சூதாடிகளுக்கு மட்டும் விடுதி இலவசமாகக் கொடுத்துவந்த அறை. இப்போது யார் வேண்டுமானாலும் வாடகைக்கு எடுக்கலாம். எலாடியோ எடுத்திருக்கிறார். இருபத்திரண்டு வருடம் இதே ஜன்னலை வெளியே தொங்கிக்கொண்டு துடைத்தவர். பளிங்குக் குளியல் தொட்டியில் அவர் இன்னும் கால்கூட நனைக்கவில்லை. நேற்று மாலையிலிருந்து அவர் நாற்காலி ஜன்னல் கண்ணாடி முன்னால்தான் கிடக்கிறது. "ஊர்ல எல்லாரும் கட்டிலுக்காக வர்றாங்க, நீங்க ஜன்னலுக்காக வந்திருக்கீங்க," என்கிறாள் மனைவி ஒபீலியா, குளியல் அங்கியின் நாடாவை முடிந்தபடி. அப்போது வெளியே கயிறுகள் ஆடுகின்றன. தொங்கு மேடையில் நரைமீசைக்காரர் ஒருவர் மேலிருந்து இறங்குகிறார். சோப்பு நுரை வழிகிறது. ரப்பர் பட்டை அதை ஒரே இழுப்பில் வழித்தெடுக்கிறது. எலாடியோ எழுந்து கையை உயர்த்துகிறார். ஒரு முழ தூரத்தில் அந்த முகம் அவரை நேராகப் பார்த்து மீசையை நீவிக்கொள்கிறது, பல்லைக் காட்டிச் சரிபார்க்கிறது, கீழே நழுவி மறைகிறது. "என்னங்க, அந்த ஆளுக்குக் கண்ணு தெரியலையா?" "பகல்ல வெளியேருந்து பாத்தா உள்ளே ஒண்ணும் தெரியாது, பாக்குறவன் மூஞ்சிதான் தெரியும். நானும் தினம் இதுலதான் தலை சீவுவேன்." துடைத்த கண்ணாடிக்கு அப்பால் பாலைவனம் இப்போது பளிச்சென்று தெரிகிறது. உயர்த்திய கையை எலாடியோ இன்னும் இறக்கவில்லை. "அப்ப எனக்கும் உள்ளேருந்து யாராச்சும் கை காட்டியிருப்பாங்களா, ஒபீலியா?"