மூணாவது லோடு

"ஈரம். திருப்பி எடுத்துட்டுப் போ."

மாதிரிக்கு இறக்கிய கட்டையில் குத்திய ஈரம் பார்க்கும் மீட்டரை உருவிக்கொண்டே சொன்னார் பாய்லர்காரர். விறகு லோடு கொண்டுவந்திருந்த மச்சினனின் முகம் சுருங்கியது.

அந்த ஆஸ்பத்திரியின் வெந்நீர், நீராவி எல்லாமே விறகு பாய்லர் தயவில்தான். 'காடு வளரும், சக்தி தீராது' என்று வாசலில் பெரிய பலகையே வைத்திருந்தார்கள்.

"எட்டு மாசம் வெயில்ல கிடந்த கட்டை, மாமா. எங்கேருந்து ஈரம் வரும்?"

"மீட்டருக்கு மாமன் மச்சான் தெரியாது, மாப்ள."

"கொஞ்சம் காட்டுங்க, பார்ப்போம்."

"அணைச்சுட்டேன். இது மூணாவது லோடு. மூணு தடவை ஈரம்னா ஒரு வருஷம் மரம் வெட்டக் கூடாது. அதான் ரூல். இந்தா சீட்டு."

"உங்க மனசுலதான் துளி ஈரம் இல்ல" என்று சீட்டைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினான் மச்சினன். லாரிக்குப் போகவில்லை. நேராகச் சலவைப் பிரிவுக்குப் போனான். அங்கே மேற்பார்வை அவன் அக்கா.

தேய்த்து அடுக்கிய போர்வைகளின் மேல் உட்கார்ந்து மொத்தக் கதையையும் கொட்டினான். அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நீ இங்கயே இரு. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்."

பாய்லர் அறையில் கணவர் இல்லை. டீ குடிக்கப் போயிருந்தார். மீட்டர் மேஜை மேல் கிடந்தது. மாதிரிக் கட்டையில் குத்தினாள். பதினெட்டு. இன்னொன்றில் குத்தினாள். பதினேழு.

இருபத்தைந்துக்குக் கீழே என்றால் காய்ந்த மரம். தூக்கத்தில்கூட அவர் உளறும் கணக்கு அது.

திரும்பி வந்தவரின் மூக்குக்கு நேராக மீட்டரை நீட்டினாள்.

"பதினெட்டு. இது ஈரமா?"

அவர் கதவைச் சாத்தினார்.

"என் தம்பின்னா அவ்வளவு இளக்காரமா? இல்ல, வேற கான்ட்ராக்டர் யாராவது உங்களை நல்லா கவனிச்சுட்டாங்களா?"

"அந்தக் கட்டையை ஒரு கையால சுத்திப் பிடி."

"பேச்சை மாத்தாதீங்க."

"பிடிச்சுத்தான் பாரேன்."

பிடித்தாள். கட்டைவிரலும் நடுவிரலும் முட்டிக்கொண்டன.

"நாலு வருஷக் கன்னு" என்றார். "எட்டு வருஷம் வளர்ந்த பிறகுதான் வெட்டணும். மூணு லோடும் இப்படித்தான். இப்படியே போனா பலகை மட்டும் இருக்கும், காடு இருக்காது."

அவள் கையிலிருந்த கட்டையையே பார்த்தாள்.

"அவன்கிட்ட எடுத்துச் சொல்லலாம்ல?"

"போன மாசமே சொன்னேன். 'மரத்துக்கு யாரு மாமா பர்த் சர்டிபிகேட் கேட்கப் போறாங்க'ன்னு சிரிச்சான்."

"அப்ப சீட்டுல அதையே எழுத வேண்டியதுதானே?"

"சீட்டு வனத்துறைக்குப் போகும். கன்னு வெட்டினான்னு எழுதினா ஆயுசுக்கும் லைசென்ஸ் கிடையாது. ரெண்டு குழந்தை வெச்சிருக்கான். ஈரம்னு எழுதினா ஒரு வருஷம் சும்மா இருப்பான், அவ்வளவுதான். அதுக்குள்ள மிச்சக் கன்னாவது வளரட்டும். என்னைத் திட்டுவான். திட்டிட்டுப் போறான்."

அவள் மீட்டரை மேஜை மேல் வைத்துவிட்டு நடந்தாள்.

சலவைப் பிரிவில் தம்பி போர்வைக் குவியலிலிருந்து ஆவலாக எழுந்தான்.

"என்னக்கா, நல்லா நாலு வார்த்தை கேட்டியா? கையும் களவுமா மாட்டினாரா?"

"நானே குத்திப் பார்த்தேன்டா" என்றாள் அக்கா. "தண்ணியா சொட்டுது."