எலுமிச்சம்பழ வளைவு

பச்சைமலைச் சாலையைப் பனி மூடியிருந்தது. சகாயநாதன் காரை மெதுவாக இறக்கிக்கொண்டு வந்தான்.

சாயங்காலத்துக்குள் வேளாங்கண்ணி போய்ச் சேர வேண்டும். கடலில் கால் நனைத்துவிட்டு மாதாவைப் பார்க்க வேண்டும் என்பது மனைவி லூர்துராணியின் ஆசை.

வளைவு நெருங்கியதும் அவன் கண்ணாடியை இறக்கி, எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் எடுத்தான்.

"மாதா கோயிலுக்குப் போற வண்டியில இது வேறயா?"

"மாதா கோச்சுக்க மாட்டாங்க. இங்க கை காட்டுறவ கோச்சுக்குவா."

அந்த வளைவில் நின்று வண்டிகளை மறிப்பவள் மனுஷி இல்லை என்று மலைக்கு வரும் டிரைவர்கள் எல்லோரும் சொல்வார்கள். பழத்தை வீசிவிட்டு நிற்காமல் போய்விட வேண்டும்.

பனிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது.

அவன் பழத்தை வீசினான்.

திறந்திருந்த கண்ணாடி வழியாக இருமல் சத்தம் கேட்டது. சின்னக் குழந்தையின் இருமல்.

"பேய் இருமுமாங்க? நிறுத்துங்க வண்டிய!"

துண்டில் சுற்றிய பிள்ளையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். அவள் காலடியில் பழங்கள் கிடந்தன. சில அழுகியவை. சில அன்று காலையில் விழுந்தவை.

பிள்ளையின் உடம்பு கொதித்தது. கண் செருகியிருந்தது.

லூர்துராணி பின் சீட்டுக்கு மாறி பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டாள். துப்பட்டாவை நனைத்து நெற்றியில் வைத்தாள். அவள் உதடுகள் ஜெபத்தை நிறுத்தவே இல்லை. சகாயநாதன் ஒவ்வொரு திருப்பத்திலும் ஹாரனை அழுத்திக்கொண்டே இறங்கினான்.

உப்பிலியபுரம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிள்ளையை உள்ளே வாங்கிக்கொண்டு போனாள்.

வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து அழுகை கேட்டது. நல்ல, உரத்த அழுகை. லூர்துராணி சிலுவை போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் சகாயநாதனுக்கு அந்தப் பெண்ணிடம் கேட்கத் தோன்றியது.

"அந்த வளைவுல செத்தது யாரும்மா?"

"அங்க யாரும் சாகலைங்க. பஸ் வராத நாள்ல கை காட்டுறதெல்லாம் எங்க ஊரு பொம்பளைங்கதான். எந்த வண்டியும் நிக்கலைன்னா புள்ளையத் தூக்கிக்கிட்டுத் திரும்பிடுவோம். சாவெல்லாம் வீட்டுலதாங்க."

அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். பிறகு, தணிந்த குரலில் கேட்டான்.

"நேத்து நாங்க மலை ஏறி வர்றப்பவும் ஒரு கை தெரிஞ்சுது. அதுவும் நீதானே?"

"இல்லைங்களே," என்றாள் அவள். "நேத்து இவனுக்குக் காய்ச்சலே இல்லையே."