பேப்பர் கப்

தட்டில் இரண்டு எவர்சில்வர் டம்ளர்களும் ஒரு பேப்பர் கப்பும் இருந்தன. மூன்றிலும் டீ.

தட்டை ஏந்தி வந்தவள் வெண்ணிலா. ஆரோக்கியராஜின் கராத்தே வகுப்பில் அவளைப் போல் ஒருத்தி இதுவரை வந்ததில்லை. விழுப்புரத்தில் நடந்த மாவட்டப் போட்டியில் முதலாவதாக வந்து, அடுத்த வாரம் மாநிலப் போட்டிக்கு சேலம் போக வேண்டியவள்.

அவளுடைய அப்பா சீனுவாசன் அனுப்ப மாட்டேன் என்றுவிட்டார். அவரிடம் பேசிச் சம்மதம் வாங்கத்தான் மாஸ்டர் திண்டிவனத்திலிருந்து இந்த ஊருக்கு வந்திருந்தார். கூடவே மணிமாறன். அவரிடமே கற்று, இப்போது வகுப்பில் அவருக்கு உதவியாக இருப்பவன்.

மூவரும் களத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே தோலோடு மல்லாட்டைக் கடலை காய்ந்துகொண்டிருந்தது.

சீனுவாசன் ஒரு டம்ளரைத் தனக்கு எடுத்துக்கொண்டார். இன்னொன்றை எடுத்து மணிமாறனிடம் நீட்டினார்.

மிச்சம் இருந்தது கப்.

"எடுத்துக்குங்க மாஸ்டர். விசாரிச்சேன், காலனியில சர்ச்சுத் தெருவாமே நீங்க. வீட்ல பெரியவங்க இருக்காங்க, தப்பா நெனச்சிக்காதீங்க."

குரலில் மரியாதைக்குக் குறைவே இல்லை. திட்டியிருந்தால்கூடச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆரோக்கியராஜ் மணிமாறனைப் பார்த்தார். வகுப்பில் அவருடைய தண்ணீர் பாட்டிலையே வாங்கி வாய் வைத்துக் குடிப்பவன். அவன் டம்ளருக்குள் எதையோ தேடுவது போலக் குனிந்திருந்தான். பிறகு ஒரு வாய் குடித்தான்.

ஆரோக்கியராஜின் கை தொடையை விட்டு எழவில்லை. ஓடுகளை அடுக்கிவைத்து ஒரே அடியில் உடைக்கிற கை.

வகுப்புச் சுவரில் அவர் பெரிதாக எழுதிவைத்திருந்தார். தண்ணீர் யாரோடும் முட்டிக்கொள்ளாது, இருக்கும் பாத்திரத்துக்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொள்ளும், நீயும் அப்படி இரு என்று. சொந்தச் சரக்கு இல்லை. செல்போன் வீடியோக்களில் ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருப்பதுதான். பிடித்துப்போய், பெயிண்டரை வைத்து நீலத்தில் எழுதச் சொன்னார். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் பாடமே அதுதான்.

அது பொய்யும் இல்லை. வெண்ணிலா விழுப்புரத்தில் ஜெயித்தது அப்படித்தான். அவளைவிட ஒரு தலை உயரமான பெண் பாய்ந்து பாய்ந்து வந்தாள். இவள் தடுக்கவே இல்லை. விலகி வழிவிட்டாள். வந்தவள் தன் வேகத்திலேயே தடுமாறியபோது ஒரே ஒரு குத்து. அத்தோடு ஆட்டம் முடிந்தது.

ஆனால் பாத்திரத்தை எடுத்துவைப்பது யார் என்று அந்த வீடியோக்களில் ஒருவரும் சொல்லவில்லை. இத்தனை வருடம் பாடம் எடுத்தவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

எழுந்து போய்விடலாம். போனால் சேலம் இல்லை. அடுத்த முகூர்த்தத்தில் இவளுக்குக் கல்யாணம் என்று ஏற்கனவே வீட்டில் பேச்சு இருக்கிறது.

தட்டு அவர் முன்னால் அசையாமல் நின்றது. வெண்ணிலாவின் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிவில்லை.

கப்பை எடுத்தார். குடித்தார்.

"டீ நல்லா இருக்குதுங்க," என்றார்.

யாரும் கேட்கவில்லை. தானாகச் சொன்னார். கப்பை எடுத்ததைவிட அந்த வார்த்தைதான் அவரைக் கூனிக்குறுக வைத்தது.

சீனுவாசனுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "செரி மாஸ்டர், கூட்டிக்கினு போங்க. உங்க பொறுப்பு," என்றார்.

வந்த காரியம் ஜெயம்.

வெண்ணிலா டம்ளர்களைத் தட்டில் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கப்பை யாரும் கேட்கவில்லை. ஆரோக்கியராஜ் அதைக் கசக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டே வண்டி நிற்கும் இடத்துக்கு நடந்தார். மணிமாறன் நாலு அடி பின்னால் தள்ளியே வந்தான்.

பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. வெண்ணிலாதான்.

பாவம், குன்றிப்போயிருப்பாள் என்று நினைத்தார். உன் மேல் தப்பில்லை, இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே என்று சொல்ல வேண்டும். வாக்கியத்தைக்கூட மனதுக்குள் அடுக்கிக்கொண்டு திரும்பினார்.

அவள் முகம் மலர்ந்திருந்தது.

"ஒண்ணுமே குடுக்க வேணாம்னுதான் அப்பா சொன்னாரு மாஸ்டர். நான் எதுத்தே பேசல. காலையிலயே கடைக்குப் போயி கப்பு வாங்கிக்கினு வந்துட்டேன். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதான்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "மிச்சத்தைப் பத்திரமா எடுத்து வச்சிருக்கேன் மாஸ்டர். இனிமே நீங்க எப்ப வேணா வரலாம்."

சொல்லிவிட்டு, குதிகால்களைச் சேர்த்து, கைகளைத் தொடையோடு ஒட்டி விறைப்பாக நின்றாள்.

வகுப்பிலும் அப்படித்தான் நிற்பாள். கஷ்டமான ஒரு அடியைச் சரியாகப் போட்டுவிட்டோம் என்று தெரிந்தால், மாஸ்டர் தலையசைக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரமாட்டாள்.

ஆரோக்கியராஜின் கைக்குள் கப்பின் அடியில் தங்கியிருந்த டீ கசிந்து விரலிடுக்கில் இறங்கியது.

அவள் காத்திருந்தாள்.

அவர் தலையசைத்தார்.