புள்ளி விழுந்துச்சா?

“புள்ளி விழுந்துச்சா?”

காலை ஆறு மணிக்கு அந்தத் தண்ணீர்த் தொட்டியடியில் யாரும் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. இதைத்தான் கேட்டுக்கொள்வார்கள்.

குப்பை அள்ளும் கம்பெனியின் ஏற்பாடு அது. தொட்டியடியில் நின்று போனில் முகத்தைக் காட்ட வேண்டும். போனுக்குள் மேப்பில் தொட்டியடியைச் சுற்றி ஒரு வட்டம் தெரியும். ஆள் நிற்கிற இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி அதற்குள் விழுந்தால் ஆள் வந்ததாக அர்த்தம். விழாவிட்டால், கையில் விளக்குமாற்றோடு எதிரிலேயே நின்றாலும் ஆப்சென்ட்.

அன்றைக்குச் சோணையம்மாளுக்குப் புள்ளி விழவில்லை.

தொட்டிச் சுவரில் முதுகு உரச நின்று பார்த்தாள். புள்ளி என்னவோ இரண்டு தெரு தள்ளிப் போய் நின்றது. அவளுக்கு மட்டுமில்லை, வந்திருந்த பதினேழு பேருக்கும் இதே கூத்துதான்.

மற்றவர்களுக்கு ஒரு நாள் ஆப்சென்ட், அத்தோடு போயிற்று. சோணையம்மாளுக்கு அப்படியில்லை. காய்ச்சலில் அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு நாள் போயிருந்தது. மூன்றாவதும் விழுந்தால் கம்பெனி பேரையே எடுத்துவிடும். லோடு இறக்கும்போது இடுப்பு ஒடிந்த புருஷன் சங்கிலி நாலு வருஷமாகப் படுத்த படுக்கை. அந்த வீட்டில் எழுந்து நடமாடுகிற ஜீவன் இவள் ஒருத்திதான்.

எட்டு மணிக்கு மேஸ்திரி ஜெயபாண்டி, மடிப்புக் கலையாத சட்டையோடு வந்து இறங்கினார்.

“மேஸ்திரிண்ணே, ஒருத்தருக்கும் புள்ளி விழலண்ணே.”

“எனக்கு விழுந்துச்சே! நீங்கள்லாம் வர்றதுக்கு முன்னாடி, அஞ்சரைக்கே தொட்டியடில புள்ளி வச்சுட்டுத்தான வார்டைச் சுத்தப் போனேன்?”

“சாமி சத்தியமா இங்கனதாண்ணே நின்னோம்.”

“யக்கா, பொழப்புல நேர்மை வேணும். மூணு வருசத்துல எனக்கு ஒரு நாளாச்சும் தவறிருக்கா?”

தவறவில்லைதான். அதற்காகவே கம்பெனி அவருக்குச் சால்வை போர்த்தி டேபிள் ஃபேன் ஒன்றும் கொடுத்திருந்தது.

ஆப்சென்ட் என்று தெரிந்தும் சோணையம்மாள் அன்றைக்குத் தெருவைக் கூட்டினாள். விட்டுப்போட்டுப் போக மனசு வரவில்லை.

மறுநாள் ஜெர்சன் சார் பேப்பரும் கையுமாக அவளைத் தேடி வந்தார். அந்தத் தெருவில் குடியிருப்பவர், பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். விஷயம் ஏற்கெனவே அவர் காதுக்கு வந்திருந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு ஆரப்பாளையத்தில் இருக்கிற கம்பெனி ஆபீசுக்கே போய்விட்டார்.

மேனேஜரின் மேஜைப் பக்கத்தில் ஜெயபாண்டியும் நின்றார்.

“சூரியப் புயல் சார்,” என்று பேப்பரை விரித்தார் ஜெர்சன். “சூரியன்லருந்து கெளம்பி வந்து நேத்து விடியக்காலைல பூமியைத் தாக்கிருக்கு. சாட்டிலைட் சிக்னல் எல்லாம் தடுமாறிப் போச்சு. நேத்து காலைல நம்மூர்ல எந்த போனும் நின்ன எடத்தைச் சரியாக் காட்டிருக்காது.”

மேனேஜர் ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தார்.

“புயலா? ஒரு எலை கூட ஆடலியே சார்!”

ஜெயபாண்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“இது காத்து அடிக்கிற புயல் இல்லைங்க…”

“சரி, இருக்கட்டும். இதைப் பாருங்க.” மேனேஜர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். “ஜெயபாண்டி, அஞ்சு முப்பத்திரெண்டு. வட்டத்துக்கு நட்ட நடுவுல விழுந்திருக்கு. அம்புட்டுப் பேரையும் தள்ளிவிட்ட உங்க புயல், இவரை மட்டும் ஏன் விட்டுச்சாம்?”

ஜெர்சன் சார் திரையைப் பார்த்தார். பேப்பரைப் பார்த்தார். பேப்பரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

படித்த மனுஷரே பேப்பரை மடித்ததும் சோணையம்மாளுக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. ஒருவேளை நாம்தான் இடம் தப்பி நின்றுவிட்டோமோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள். இருபத்திரண்டு வருஷமாகக் கூட்டுகிற தெருவில்!

“என்னைய நம்புங்க சார். இந்த வயசுல நான் வேற எங்க போயி வேலை கேப்பேன்?”

“நான் நம்பி என்னம்மா ஆகப்போகுது? சிஸ்டம் பேரைத் தூக்கிருச்சு.”

வெளியே வந்ததும் ஜெயபாண்டி வண்டியைக் கிளப்பினார். “கம்பெனி குடுத்த பச்சைக் கோட்டையும் அடையாள அட்டையையும் எங்க வீட்ல குடுத்துட்டுப் போயிருங்கக்கா. எனக்கு வார்டுல சோலி கெடக்கு.”

அவர் வீடு பொன்மேனியில். தொட்டியடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். மறுநாள் சோணையம்மாள் கோட்டைத் துவைத்து, மடித்து எடுத்துக்கொண்டு போனாள். துவைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அழுக்காகக் கொடுக்க அவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

மேஸ்திரி வீட்டில் இல்லை. அவர் மனைவி நாகஜோதி கோட்டையும் அட்டையையும் வாங்கி வைத்துவிட்டு, உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தாள். அந்த ஒரு வாய் காபிக்கே சோணையம்மாளுக்கு அடக்கி வைத்திருந்த அழுகை எல்லாம் வந்துவிட்டது. சங்கிலியிடம் இன்னும் சொல்லவில்லை, எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

“என்னக்கா ஆச்சு?”

“தொட்டியடியிலதான் நின்னேன் தாயி. போனு இல்லேங்குது.”

நாகஜோதிக்கு மனசு தாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தடவினாள்.

“அழாதக்கா, இந்த போனை நம்பவே கூடாது. எங்க வீட்டுக்காரரு போனும் அப்படித்தான். மூணு வருசமா இதே கூத்து. அதுல பிரியாணி ஆர்டர் போட்டா, கொண்டு வர்றவரு நேரா உங்க தண்ணித் தொட்டிக்குப் போயி நிக்கிறாரு. அம்புட்டு ஏன், தெனம் காலைல அஞ்சரைக்கு இந்தக் கட்டில்ல படுத்தமானிக்கே அதுல மூஞ்சியக் காட்டிட்டுத் திரும்ப இழுத்துப் போர்த்திக்கிறாரு. அப்பயும் அந்த போனு, ஒரு அடி அசையாம, அவரு தொட்டியடில நிக்கிறதாத்தான் காட்டுதுக்கா!”