பேஸ்மென்ட் எதுக்கு?

"பேஸ்மென்ட் வேணாம் லா, ஆன்டி. சரிவுல தூண் போட்டு மேலேயே கட்டிடலாம். தோண்டினா செலவு ரெண்டு மடங்கு" என்றார் வீடு கட்டித் தரும் குத்தகையாளர் சுகுமாறன்.

"தோண்டணும்" என்றாள் உர்சுலா.

"கார் நிறுத்தவா?"

"இல்ல."

"வாடகைக்கு விடவா?"

"இல்ல."

அவள் கணவர் வாலண்டைன் அந்தச் செலாயாங் மலைச்சரிவின் மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி, எவ்வளவு ஆழம்?"

"எங்க பழைய வீட்டுத் தரை தெரியற வரைக்கும்."

சுகுமாறன் திகைத்தார். "இங்க வீடு இருந்துச்சா?"

"மூணு வருஷத்துக்கு முன்னால மண்சரிவுல புதைஞ்சிடுச்சு" என்றார் வாலண்டைன். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "ஒன்பதாவது நாள் தேடுறத நிறுத்திட்டாங்க. எங்க மக ஜோஆன் இன்னும் கிடைக்கல."

மெஷின் வேண்டாம், ஆட்களை வைத்துக் கையாலேயே தோண்டுகிறேன் என்று மட்டும் சொன்னார் சுகுமாறன்.